ஏரியைச் சுத்தம் பண்றவங்களை யாரு பாக்குறது?

ஒரு கம்பெனி ஏரியில விஷத்தைக் கொட்டுதுன்னா எதிர்த்துப் பேச நாலு பேர் கிடைப்பாங்க, பேப்பர்ல போடுவாங்க, கோர்ட்டுக்குப் போவாங்க. ஆனா அதே ஏரியைத் தூர் வாரிச் சுத்தம் பண்றப்போ பக்கத்துல குடியிருக்கவன் "ஐயா நாத்தம் தாங்கல, தலை வலிக்குது"ன்னு சொன்னா அவனை ஒரு மாதிரிதான் பாப்பாங்க. அம்பது வருஷமா யாரும் தொடாத அழுக்கை இப்பத்தான் அள்ளுறாங்க, இதுக்கும் குறை சொல்றியான்னு கேப்பாங்க. எனக்கு இந்த விஷயத்துல ஒரு கருத்து இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்: கொட்டுற காலத்தை விட அள்ளுற காலத்துலதான் ஜனங்க கண்ணு ரொம்பத் தேவை. ஏன்னா அள்ளுற வேலைக்கு கவர்மெண்ட் கையெழுத்து இருக்கும், நல்ல பேரு இருக்கும், நடுவுல சந்தேகமா ஒரு கேள்வி கேக்க யாருக்கும் வாய் வராது.

நான் இருக்கிறது நியூயார்க் மாநிலத்துல சிரக்யூஸ் பக்கம். நியூயார்க்னு சொன்னதும் சிட்டியை நினைச்சுக்காதீங்க, அங்கேருந்து வடக்க நாலஞ்சு மணி நேரம் கார் ஓட்டணும், பனி கொட்டுற ஊரு. ஊரை ஒட்டியே ஒனொண்டாகா ஏரி. நாலரை சதுர மைல்தான் இருக்கும், ஆனா அமெரிக்காவுலயே ரொம்ப நாசமான ஏரின்னு ஒரு காலத்துல பேர் வாங்கினது. 1940ல குளிக்கத் தடை, 1970ல மீன் பிடிக்கத் தடை. ஏரிக்கரையிலேயே 1880கள்ல சால்வே ப்ராசஸ்னு ஒரு சோடா சாம்பல் கம்பெனி ஆரம்பிச்சு, உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் வச்சு வேலை, கழிவை வெள்ளை வெளேர்னு மேடு மேடா கொட்டி வச்சாங்க, அந்த மேடெல்லாம் இன்னைக்கும் ஹைவேல போறப்போ தெரியும். அப்புறம் அதே இடத்துல அல்லைட் கெமிக்கல் குளோரினும் காஸ்டிக் சோடாவும் தயாரிச்சப்போ பாதரசம் உபயோகிச்சாங்க, 1946லேருந்து 1970 வரைக்கும் சுமார் 1,65,000 பவுண்ட் பாதரசம் ஏரிக்குள்ள போச்சுன்னு அரசு கணக்கு. நம்ம கணக்குல 75 டன். அதோட பென்சீன், பாச்சை உருண்டையில இருக்க நாப்தலின் மாதிரி சாமான்கள், பத்தாததுக்கு சிட்டி சாக்கடை வேற.

இது எல்லாத்துக்கும் முன்னாடி அந்த ஏரி ஒனொண்டாகா மக்களோடது. ஹாடெனோஷோனி கூட்டமைப்பு, அதாவது சண்டை போட்டுக்கிட்டிருந்த அஞ்சு இனமும் ஆயுதத்தைக் கீழ போட்டு ஒண்ணா சேர்ந்தது இந்தக் கரையிலதான்னு அவங்க வரலாறு. அவங்களுக்கு இது கோயில் மாதிரி. கோயில் குளத்துல பாதரசம் கலந்தா எப்படி இருக்கும், அதான்.

1994ல சூப்பர்ஃபண்ட் லிஸ்ட்ல, அதாவது ரொம்ப மோசமா மாசான இடங்களைச் சுத்தம் பண்றதுக்கான அமெரிக்க ஃபெடரல் சட்டத்தோட பட்டியல்ல, சேத்தாங்க. அல்லைட் பின்னாடி பேரு மாறி 1999ல ஹனிவெல்லோட ஒண்ணாயிடுச்சு, அதனால பொறுப்பு ஹனிவெல் தலையில. பேசிப் பேசி 2007ல கோர்ட் ஒப்பந்தம், 451 மில்லியன் டாலர் திட்டம். திட்டம் என்னன்னா, ஏரி அடியில இருக்க சேத்துல மோசமான பகுதியை உறிஞ்சி எடுக்கிறது, மிச்சத்தை மேல மணலும் ஜல்லியும் போட்டு மூடுறது. 2012 ஜூலையில ஆரம்பிச்சு 2014 கடைசியில தூர் வார்றது முடிஞ்சுது, சுமார் 22 லட்சம் கன கஜம் சேறு. அது எங்க போச்சு? இங்கதான் விஷயம் இருக்கு. நாலு மைல் பைப் போட்டு மேற்க கமில்லஸ்ங்கிற டவுனுக்கு பம்ப் பண்ணாங்க, அங்க வேஸ்ட்பெட் 13ன்னு ஒரு பழைய கழிவு மேடு, அது மேல ஜியோடியூப்னு பெரிய பெரிய துணிப் பைகள்ல சேத்தை அடைச்சு தண்ணிய வடிய விட்டாங்க. வடிஞ்ச தண்ணிய சுத்திகரிச்சு அனுப்பினாங்க. ஏரிக்கு அடியில தூங்கிக்கிட்டிருந்த சாமான் இப்போ வெயில்ல, காத்துல, ஒரு குடியிருப்புக்குப் பக்கத்துல. நல்லா யோசிச்சா அழுக்கு எங்கயும் காணாமப் போகல, முகவரி மாறுச்சு அவ்ளோதான்.

நான் இங்க குடி வந்தது அந்த வேலை எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம். ஆனா எங்க தெருவுல ரிட்டயர்டு டீச்சர் ஒரு அம்மா இருக்காங்க, அவங்க முன்னாடி அந்த மேட்டுக்குப் பக்கத்துலதான் இருந்தாங்க. பேச்சுவாக்குல ஒரு நாள் இந்தக் கதை வந்துச்சு, உள்ள போயி ஒரு நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. ஸ்பைரல் நோட்டு, பசங்க கணக்கு போடுற மாதிரி கோடு போட்டு கட்டம் கட்டமா பிரிச்சிருக்காங்க: தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எப்ப நின்னுச்சு, காத்து எந்தப் பக்கத்துலேருந்து, என்ன மாதிரி வாசனை, ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்ளோ, ஜன்னல் திறந்திருந்துச்சா, யாருக்காவது தொண்டை எரிச்சல். வாசனைக் கட்டத்துல முக்காவாசி இடத்துல ஒரே வார்த்தை, பாச்சை உருண்டை. சில இடத்துல பெட்ரோல் பங்க் மாதிரின்னு இருக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா வாசனை வராத நாளையும் எழுதி வச்சிருந்தாங்க, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல, காத்து கிழக்கால போகுது"ன்னு. புலம்பலையும் ஆதாரத்தையும் பிரிக்கிறது அந்த வரிதான். நாத்தம் அடிச்ச நாளை மட்டும் எழுதினா இவங்க வேணும்னே குறை சொல்றாங்கன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ஒண்ணும் இல்லாத நாளும் இருந்தா காத்தோட திசைக்கும் நாத்தத்துக்கும் முடிச்சு போட்டுப் பாக்க முடியும், அது கமில்லஸ் மேட்டுப் பக்கமே கை காட்டும்.

சரி, மேட்டைச் சுத்தி அளவு கருவி எதுவும் இல்லையான்னா, இருந்துச்சு. நிறையவே இருந்துச்சு, வேலி ஓரமா ஸ்டேஷன் வச்சு காத்தை அளந்தாங்க, ரிப்போர்ட் பப்ளிக்கா போட்டாங்க. ஏமாத்தினாங்கன்னு நான் சொல்ல வரல. அளவு இருந்தும் ஏன் ரெண்டு தரப்பும் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குப் புரியாமலே சண்டை போட்டாங்கங்கிறதுதான் எனக்கு சுவாரசியம், அதைக் கொஞ்சம் உக்காந்து பாத்தேன்.

முதல் சிக்கல் சராசரி. காத்துல ஒரு சாமான் ஒரு நாள் பூரா பூஜ்யமா இருந்து, சாயங்காலம் 20 நிமிஷம் மட்டும் 36ன்னு எகிறுதுன்னு வச்சுக்கோங்க. 24 மணி நேர சராசரி என்ன? அரை. வெறும் 0.5. ரிப்போர்ட்ல 0.5ன்னு வரும், அளவுக்கு உள்ளதான் இருக்குன்னு வரும், அதுவும் பொய் இல்ல. அந்த 20 நிமிஷத்துல குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னவனுக்கு 36தான். அதனாலதான் 15 நிமிஷ அளவு வேற, நாள் அளவு வேறன்னு ரெண்டும் கேக்கணும்.

ரெண்டாவது சிக்கல் மூக்கு. நாப்தலினை சராசரி மனுஷ மூக்கு கண்டுபிடிக்கிற அளவுன்னு புத்தகத்துல போட்டிருக்கிறது ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 440 மைக்ரோகிராம். வாழ்நாள் பூரா சுவாசிச்சாலும் (கேன்சர் கணக்கு தனி) பிரச்சனை வராதுன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி வச்சிருக்க அளவு 3 மைக்ரோகிராம். இதைப் பாத்துட்டு ஜனங்க என்ன நினைப்பாங்க? வாசனை வந்தாலே நூத்தம்பது மடங்கு தாண்டியாச்சுன்னு நினைப்பாங்க. அவங்க எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? அது எழுவது வருஷம் ராத்திரி பகலா சுவாசிக்கிறதுக்கான அளவு, இது ரெண்டு மூணு வருஷ வேலை, அதுலயும் சில மணி நேரம்தான்னு சொல்லும். ரெண்டுமே சரி. (ஒவ்வொருத்தர் மூக்கும் வேற, சிலருக்கு இன்னும் கம்மியிலேயே தெரிஞ்சிடும், அதனால 440ங்கிறதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம்.) நடுவுல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு, அதை வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேக்கணும்: எந்த நம்பர் வந்தா பம்பை நிறுத்துவீங்க, யாரு நிறுத்துவா, நிறுத்தினதை எங்களுக்கு எத்தனை மணி நேரத்துல சொல்லுவீங்க. பாதுகாப்பானதான்னு கேட்டா ஆமான்னுதான் பதில் வரும், அதை வச்சுக்கிட்டு நாம ஒண்ணும் பண்ண முடியாது.

கமில்லஸ்ல புகார் நிறைய ஆனதும் ஜியோடியூபை மூடி போட்டு மறைச்சாங்க, வாசனையைக் கட்டுப்படுத்த இன்னும் சில வேலை பண்ணாங்க. அதாவது புகாருக்கு பலன் இருந்துச்சு. ஆனா கோர்ட்ல இல்ல. குடியிருப்புக்காரங்க கேஸ் போட்டாங்க, ஃபெடரல் கோர்ட் 2017ல தள்ளிடுச்சு, 2018ல அப்பீல்லயும் அதே தீர்ப்பு. காரணத்தைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. அரசும் கோர்ட்டும் ஒத்துக்கிட்ட ஒரு சுத்திகரிப்புத் திட்டத்தை அதுல சொன்னபடி செஞ்சா, அதை எதிர்த்து மாநிலச் சட்டத்துல நஷ்டஈடு கேக்க முடியாது, ஃபெடரல் சட்டம் மேல நிக்கும். சட்டமா பாத்தா புரியுது, இல்லேன்னா ஒவ்வொரு சுத்திகரிப்பையும் பத்து பேர் கேஸ் போட்டு நிறுத்திடலாம். ஆனா இதோட அர்த்தம் என்ன? திட்டம் கையெழுத்தாகுற வரைக்கும்தான் நம்ம பேச்சுக்கு விலை. அதுக்கப்புறம் நோட்டுல எழுதலாம், போன் பண்ணலாம். அந்த டீச்சரம்மா இதைத்தான் வேற மாதிரி சொன்னாங்க, மீட்டிங் போட்டு கருத்து கேட்டப்போ ஆபீஸ்லேருந்து வந்தவங்க காட்டின படம் எதுவும் எங்களுக்குப் புரியல, புரியறப்போ பைப் போட்டாச்சுன்னு.

புரியறதுக்கு வழி இருக்குன்னு பல பேருக்குத் தெரியறதில்ல. சூப்பர்ஃபண்ட் சட்டத்துல ஊர் ஜனங்க ஒரு குழுவா சேர்ந்து அப்ளை பண்ணா 50,000 டாலர் வரைக்கும் உதவித்தொகை கிடைக்கும், கம்பெனிக்கும் கவர்மெண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு நிபுணரை நாமே வச்சு அந்த ஆயிரம் பக்க ரிப்போர்ட்டைப் படிக்கச் சொல்லிக்கலாம். எனக்குத் தெரிஞ்சு இந்தச் சட்டத்துல சாதாரண ஜனங்களுக்கு உருப்படியா இருக்க ஒரு விஷயம் இது.

இதே ஏரியில ஜனங்க ஜெயிச்ச கதையும் ஒண்ணு இருக்கு, அது சாக்கடைக் கதை. இங்க இருக்க அட்லாண்டிக் ஸ்டேட்ஸ் லீகல் ஃபவுண்டேஷன்ங்கிற சின்ன அமைப்பு 1988ல கவுண்டி மேலயே, அதாவது நம்ம ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி இருக்கிறது மேலயே, கேஸ் போட்டுச்சு, உங்க கழிவுநீர் ஆலை பெர்மிட்டை மீறுதுன்னு. தண்ணிச் சட்டத்துல குடிமக்களே வழக்கு போட வழி இருக்கு. இதுல அழகு என்னன்னா ஆதாரத்துக்கு அவங்க ஏரியில இறங்கி மொள்ள வேண்டிய அவசியமே இல்ல, ஆலையே மாசா மாசம் மாநிலத்துக்கு தன் அளவை அனுப்பியாகணும், பெர்மிட் ஒரு பக்கம் அளவு ஒரு பக்கம் வச்சுப் பாத்தா போதும். இழுத்து இழுத்து 1998ல பெரிய ஒப்பந்தம் ஆச்சு, 2004 வாக்குல ஆலையைப் புதுசாக்கி அம்மோனியாவைக் குறைச்சாங்க.

அதுல யாரும் எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு. அம்மோனியா நைட்ரேட்டா மாறினதால ஏரிக்குள்ள நைட்ரேட் கூடுச்சு. கோடையில ஏரி அடியில ஆக்ஸிஜன் தீர்ந்து போனா சேத்துல இருக்க பாக்டீரியா பாதரசத்தை மீதைல் பாதரசமா மாத்தும், மீன்ல ஏறுறது அதுதான். நைட்ரேட் இருந்தா அந்த வேலை மட்டுப்படும். அடித்தண்ணியில மீதைல் பாதரசம் குறைஞ்சது வருஷக்கணக்கா ஒரே இடத்துல ஒரே ஆழத்துல தண்ணி எடுத்துப் பாத்துக்கிட்டிருந்ததாலதான் கண்ணுல பட்டுச்சு, சிரக்யூஸ்ல இருக்க அப்ஸ்டேட் ஃப்ரெஷ்வாட்டர் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க பண்ண வேலை. 2011லேருந்து கோடையில ஒரு படகு போயி கால்சியம் நைட்ரேட் கரைசலை வேணும்னே ஏரி அடியில விட ஆரம்பிச்சாங்க. பொதுவா நைட்ரேட்னா மாசு, இங்க மருந்து. இப்படித்தான் இருக்கும் ஏரி, நம்ம நினைக்கிற கணக்குக்குள்ள வராது, அதனால அளக்கிறதை நிறுத்தவே கூடாது.

அளக்காம படம் காட்டுறதும் நடக்கும். குளிர்காலத்துல மொட்டைக் கழுகுகள் கும்பலா இங்க வரும், பாக்க ரொம்ப அழகு, அந்த போட்டோவைப் போட்டு ஏரி பொழைச்சிடுச்சுன்னு சொல்லுவாங்க. கழுகு வர்றதுக்கு ஒரு காரணம் கழிவுநீர் ஆலைத் தண்ணி வெதுவெதுப்பா விழுற இடத்துல ஐஸ் உறையாது, மீன் பிடிக்க வசதி. அதே ஏரி மீன்ல சிலதை மனுஷங்க சாப்பிடாதீங்கன்னு மாநில சுகாதாரத் துறை இன்னும் சொல்லிக்கிட்டிருக்கு. ஏரி முன்னைக்கு எவ்வளவோ தேவலாங்கிறதும் உண்மை, அதை மறுக்கல.

ஒனொண்டாகா மக்கள் ஆரம்பத்துலேருந்தே சொன்னது, மூடுறது சுத்தம் ஆகாதுன்னு. விஷத்துல பெரும்பங்கு இன்னும் கீழயேதான் இருக்கு, மேல மணல் போர்வைன்னு அவங்க சொல்றாங்க. 2012லயும் 2014லயும் அந்தப் போர்வையே சில இடத்துல சரிஞ்சு ஆழத்துப் பக்கம் வழுகிப் போச்சு. அப்போ இந்த 475 ஏக்கர் மூடியை இன்னும் எத்தனை தலைமுறை பாத்துக்கிட்டே இருக்கணும்? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரிவ்யூ ரிப்போர்ட் வரணும்னு சட்டம் இருக்கு. அதைப் படிக்க ஊர்ல ஆளு இருக்கணுமே.

இவ்ளோ தூரம் உக்காந்துக்கிட்டு இதை ஏன் தமிழ்ல எழுதுறேன்னா, இங்கேருந்து ஹைவேல வடக்க 70 மைல் போனா வாட்டர்டவுன்னு ஒரு ஊரு. அங்க இருந்த பாண்ட்ஸ் தெர்மாமீட்டர் ஃபேக்டரியைத்தான் 1980கள்ல கழட்டி எடுத்துட்டுப் போயி கொடைக்கானல்ல வச்சாங்க. மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். அங்கயும் முதல்ல கண்டுபிடிச்சது எந்த வாரியமும் இல்ல, 2001ல மூஞ்சிக்கல்ல ஒரு பழைய இரும்புக் கடையில பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல கிடக்குதுன்னு ஊர்க்காரங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும்தான் வெளிய கொண்டு வந்தாங்க, அந்த மாசமே ஃபேக்டரி மூடுச்சு. 2003ல 290 டன் பாதரசக் கழிவை கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினாங்க. 2016ல 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி சமரசம் பண்ணுச்சு. ஃபேக்டரி மண்ணுதான் மிச்சம்.

அந்த மண்ணுக்கு வச்ச அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். ஒனொண்டாகா ஏரிச் சேத்துக்கு இங்க எடுத்துக்கிட்ட அளவுகள்ல பாதரசத்துக்கு 2.2. ஏரிச் சேறும் மலை மண்ணும் ஒண்ணு இல்ல, நேரா வச்சு ஒப்பிடக் கூடாது, தெரியும். ஆனா கொடைக்கானல் மண்ணு சும்மா மண்ணு இல்ல, கீழ பாம்பார் சோலை, மழை பேஞ்சா அடிச்சுக்கிட்டுப் போற சரிவு, அப்போ அது நாளைக்கு எந்தத் தண்ணிக்கு அடியில போயி சேறாகும்ங்கிற கேள்வியாவது கேக்கணும்ல? அளவைக் குறைச்சா நிறைய மண்ணைத் தோண்டணும், மரத்தை வெட்டணும், மண் அரிப்பு வரும்னு கம்பெனி தரப்பு வாதம். கமில்லஸ் கதையைப் பாத்ததுக்கு அப்புறம் அதை முழுசா தள்ளிட முடியல என்னால, தோண்டுறதே மாசாகும்ங்கிறது நிஜம்தான். ஆனா அதுக்கு பதில் கம்மியா தோண்டுறது இல்ல, தோண்டுறப்போ கூட நின்னு பாக்கிறது.

கூட நின்னு பாக்கிறதுக்கு நம்ம ஊர்ல ஆளு இல்லாமலும் இல்ல. கடலூர் சிப்காட்ல 2004லயே கிராமத்து ஜனங்க வாளி வச்சுக் காத்தைப் பிடிச்சாங்க. சாதா பிளாஸ்டிக் வாளி, உள்ள ஒரு விசேஷப் பை, ஒரு சின்ன பம்பு, நாத்தம் அடிக்கிறப்போ வால்வைத் திறந்தா பை நிறையும், அதை லேபுக்கு அனுப்பிடணும். கலிஃபோர்னியாவுல ரிஃபைனரி பக்கத்து ஜனங்களுக்காக 1990கள்ல செஞ்ச டிசைன் அது. பாதரசத்துக்கு அந்த வாளி ஆகாது, அதுக்கு வேற கருவி வேணும், ஆனா பாடம் ஒண்ணுதான், நாத்தம் அடிக்கிற நேரத்துல அங்க இருக்கிறவன்தான் சாம்பிள் எடுக்க முடியும், மறுநாள் ஜீப்ல வர்ற அதிகாரியால முடியாது.

அதனால கொடைக்கானலோ எண்ணூரோ, எங்கயாவது சுத்தம் பண்ண ஆரம்பிக்கிறாங்கன்னா நான் முதல்ல கேக்கிறது சாம்பிள்தான். அவங்க எடுக்கிற அதே குழியிலேருந்து, அதே நிமிஷம், அதே மண்ணை நல்லாக் கலக்கி ரெண்டு பாட்டில்ல போட்டு, ஒண்ணு அவங்க லேபுக்கு, ஒண்ணு நம்ம லேபுக்கு, ரெண்டுக்கும் சீல் வச்சு ரெண்டு பேரும் கையெழுத்து. இதை வேலை ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கணும். தோண்டின குழியை மூடினதுக்கு அப்புறம் கேட்டா யாரும் திரும்பத் தோண்டித் தரமாட்டாங்க.